வலியான் என்னும் பெயர்



குடமுழுக்கு நாளில், யாகசாலையிலிருந்து கடங்கள் புறப்பட்டு விமானத்தின் உச்சியை அடையும் வேளையில், கூடியிருக்கும் மக்களின் கண்கள் யாவும் வானத்தை நோக்கி உயர்கின்றன. கருடன் வருகின்றானா என்று முதியோரும் சிறாரும் ஒருங்கே எதிர்பார்த்து நிற்கின்றனர். வெண்மார்பும் செம்மேனியும் உடைய பருந்தொன்று கோபுரத்தை வட்டமிட்டுவிட்டால், கை கூப்பாதவர் அங்கே இரார்.

அதே வேளையில், கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், வேப்பமரத்தின் உச்சிக் கொம்பிலோ மின்கம்பியின் மீதோ, கருநிறமும் பிளந்த வாலும் கொண்ட சிறு பறவை ஒன்று அமர்ந்திருக்கும். அதனை எவரும் நோக்குவதில்லை. அதற்காக எவரும் கை கூப்புவதுமில்லை. ஆயினும் ஆலவாய் அண்ணல் தாமே உபதேசம் செய்து, தாமே பெயரும் சூட்டினார் என்று புராணம் போற்றுகின்ற பறவை அதுவே. கரிக்குருவி என்றும், கரிச்சான் என்றும், இரட்டைவால் குருவி என்றும், ஆனைச்சாத்தன் என்றும், வலியான் என்றும் பல பெயர் பூண்டு விளங்கும் அச்சிறு பறவையின் பெயர்களை ஆராய்ந்து, அவற்றுள் உறையும் பொருளைக் காண்பதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

உலகப் பொருள்கள் யாவும் பெயரும் வடிவும் உடையன. இதனையே நாமரூபம் என்பர் பெரியோர். வடிவைக் கண் காண்கின்றது. பெயரோ கண்டவர் உள்ளத்தைக் காட்டுகின்றது. ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குமானால், அதனை மக்கள் பல நிலைகளில் நின்று நோக்கியுள்ளனர் என்பது பெறப்படும். கண்ணால் கண்டவன் ஒரு பெயர் இடுவான். காதால் கேட்டவன் ஒரு பெயர் இடுவான். செயலை அறிந்தவன் ஒரு பெயர் இடுவான். அருளை உணர்ந்தவன் இடும் பெயர் வேறு. கரிக்குருவியின் பெயர்கள் இந்நான்கு படிகளையும் காட்டுகின்றன.

கண் இட்ட பெயர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் நோக்கிச் செல்லும் வழியெங்கும் இப்பறவையைக் காணலாம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலங்கள் அவை. ஏர் உழும் இடத்திலும், மாடு மேயும் இடத்திலும் அது தவறாது வந்துவிடும். மாட்டின் முதுகின் மேல் அரியணையில் அமர்ந்தாற்போல் அமர்ந்திருக்கும். குளம்பு பட்டுப் புல்லிலிருந்து வெட்டுக்கிளியோ வண்டோ எழுந்தவுடன் பாய்ந்து பற்றி, மீண்டும் முதுகின் மேல் வந்து அமரும். உடலும் வாலும் சேர்ந்து ஒரு சாண் நீளத்தைச் சிறிதே மிகும். எடையோ ஏறத்தாழ ஐம்பது கிராம் அளவே. மேனி முழுவதும் கருமை. வெயில் படும்போது அக்கருமையில் நீல ஒளி தோன்றும். அலகு வாயோடு சேரும் மூலையில் மட்டும் ஒரு சிறு வெண்புள்ளி உண்டு. சைவக் கண்ணுக்கு அது திருநீற்றுத் துளிபோல் தோன்றும்.

நிறம் பற்றி எழுந்த பெயர்களே கரிக்குருவி, கருங்குருவி, கரிச்சான் என்பன. கரு என்னும் அடியிலிருந்து கருமை, கரி, கரிசல் முதலிய சொற்கள் பிறந்தன. ஆகவே இப்பகுதியின் கரிசல் மண்ணும் அம்மண்ணின் மீது பறக்கும் கரிச்சானும் பெயரால் உடன்பிறப்புகள் ஆகின்றன. உழவன் தன் நிலத்துக்கு இட்ட பெயரையே தன் நிலத்தின் துணைவனுக்கும் இட்டான் போலும்!

வால் பற்றி எழுந்தது இரட்டைவால் குருவி என்னும் பெயர். இதில் ஒரு வியப்பு உண்டு. பறவைநூல் வல்லார் உலகம் முழுதும் வழங்கும்படி இதற்கு இட்ட பெயர் 'டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ்' என்பது. கிரேக்க மொழியில் முதற்சொல் பிளவுபட்ட வால் என்றும், இரண்டாவது சொல் நீண்ட வால் என்றும் பொருள்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சு அறிஞர் நூலறிவால் கண்டு இட்ட பெயரும், ஏட்டறிவு இல்லாத ஆயன் ஒருவன் மேய்ச்சல் நிலத்தில் நின்று இட்ட பெயரும் ஒன்றாகவே முடிந்தன. ஆங்கிலேயர் இவ்வினத்தை 'டிராங்கோ' என்பர். அச்சொல் அவர்களுடையது அன்று. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவின் மொழியிலிருந்து சென்றது. பறவை சிறிதாயினும் அதன் பெயர் கடல் கடந்து உலாவியிருக்கின்றது.

கரி என்னும் சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள்களும் உண்டு. கரி என்றால் யானை. கரி என்றால் சான்று. சான்று பகர்தலைக் கரி கூறுதல் என்பது பழைய வழக்கு. இப்பொருள்களைக் கொண்டு கரிக்குருவி என்னும் பெயரை விரித்துரைப்பது சொற்பிறப்பு ஆகாது, சொல்நயம் ஆகும். சொற்பிறப்பு வேறு, சொல்நயம் வேறு என்று பிரித்து அறிதல் வேண்டும். கரிக்குருவி என்பது கருநிறக் குருவி என்பதே சொல்லாராய்ச்சியார் முடிபு. ஆயினும் நயமும் வீண் அன்று. தம் அருள் சிறுமை பெருமை நோக்காது என்பதற்கு இறைவன் ஒரு சான்று காட்ட விரும்பினால், இக்குருவியையன்றி வேறு எதனைக் காட்டுவார்?

செவி இட்ட பெயர்

கரிக்குருவி விடியலுக்கு முன்னே எழும் பறவைகளுள் ஒன்று. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே, இருள் பிரியாத பொழுதிலேயே அதன் குரல் கேட்கும். மாலையில் பிற பறவைகள் கூடு சேர்ந்த பின்பும் இது பூச்சி பற்றித் திரியும். கடைசியாக உறங்கி முதலில் எழும் இயல்பு, கோயிலில் திருப்பள்ளியெழுச்சி பாடும் அடியார்க்கே உரிய இயல்பன்றோ?

இதனை நன்கு அறிந்தவர் கோதை நாச்சியார். மார்கழி விடியலில் உறங்கும் தோழியை எழுப்பும்போது, திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில், ஆனைச்சாத்தன் பறவைகள் தம்முள் கலந்து பேசும் ஒலியை நாச்சியார் எடுத்துக்காட்டுகின்றார். பொழுது புலர்ந்தது என்பதற்கு அவ்வொலியே அடையாளம். ஆனைச்சாத்தன் என்பதனை வலியன் என்றும் பாரத்துவாசப் பறவை என்றும் உரைகாரர்கள் விளக்குவர். ஆகவே சைவப் புராணத்தில் உபதேசம் பெற்ற பறவையே வைணவப் பாசுரத்தில் உலகை எழுப்பும் பறவையாகவும் விளங்குகின்றது. அரியலூர் என்னும் பெயரை அரி இல் ஊர், அதாவது திருமால் உறையும் ஊர் என்று விரித்துரைப்பது இப்பகுதி வழக்கு. அதன் அருகே கல்லங்குறிச்சியில் கலியுக வரதர் கோயில் கொண்டிருக்கின்றார். ஆற்றங்கரையில் திருமழபாடியில் வைத்தியநாதர் எழுந்தருளியிருக்கின்றார். இவ்விரு சந்நிதிகளுக்கும் செல்லும் வழியில் விடியற்காலையில் ஒலிப்பது ஒரே பறவையின் குரல். அதற்குச் சமய வேற்றுமை இல்லை.

ஆனைச்சாத்தன் என்னும் பெயரில் ஆனை வந்தது எவ்வாறு? சேரநாட்டு மொழியாகிய மலையாளத்தில் இன்றும் இதற்கு ஆனைறாஞ்சி என்று பெயர் வழங்குகின்றது. யானையையும் பாய்ந்து பறிப்பது என்பது அதன் பொருள். சிற்றுருவம் கொண்டது பேருருவத்தை அஞ்சாது எதிர்க்கும் வியப்பே இப்பெயரில் பேசப்படுகின்றது. இனிச் சாத்தன் என்பது ஐயனார்க்கு உரிய பெயர்களுள் ஒன்று. யானை அவர்க்கு உரிய ஊர்தி. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஏரிக்கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் ஐயனார் காவல் புரிந்து நிற்பதை எவரும் அறிவர். மாட்டின் முதுகில் அமர்ந்து நாற்றிசையும் நோக்கும் கரிச்சானைக் கண்ட பழந்தமிழ் மகன், யானை மீது அமர்ந்து எல்லை காக்கும் சாத்தனை நினைந்தான் என்று கொள்ளுதல் சொல்நயத்தின்பாற் படும். பொருத்தம் நோக்கின், அந்நயம் புறக்கணிக்கத் தக்கது அன்று.

செயல் இட்ட பெயர்

வடநாட்டார் இப்பறவையைக் கோத்வால் என்பர். கோத்வால் என்பது நகர்க் காவல் தலைவனைக் குறிக்கும் சொல். ஆங்கிலேயர் காக்கையரசன் என்று பொருள்படும்படி அழைத்தனர். இப்பெயர்கள் யாவும் இதன் செயலை நோக்கி எழுந்தவை.

அச்செயல் யாது? கரிக்குருவி மரத்தின் கவைக்கொம்பில், காற்றில் ஆடும் நுனிப் பக்கத்தில், சிறு கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டும். மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். கோடையிலும் அதனை அடுத்த மாதங்களிலும் குஞ்சு பொரிக்கும் காலத்தில், அந்த மரத்தை நோக்கிக் காக்கை வந்தால் விடாது. பருந்து வந்தாலும் அஞ்சாது. தன்னைப் போலப் பன்மடங்கு பெரிய பறவையின் முதுகின் மீது பாய்ந்து கொத்தி, எல்லை கடக்கும் வரை துரத்திவிட்டே திரும்பும். குடமுழுக்கு நாளில் உலகம் கை கூப்பும் கருடனும் அதன் கூட்டருகே வந்தால் இதே மரியாதையைத்தான் பெறுவான்!

இன்னும் ஒரு செய்தி உண்டு. கரிக்குருவி கூடு கட்டிய மரத்திலேயே புறாக்களும், மாங்குயில்களும், கொண்டைக்குருவிகளும், தவிட்டுக்குருவிகளும் கூடு கட்டுவதைப் பறவைநூலார் கண்டு எழுதியுள்ளனர். அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ள மாட்டாத எளிய பறவைகள். வலியவன் ஒருவன் காக்கும் மரத்தில் தம் குஞ்சுகளுக்கும் காப்புக் கிடைக்கும் என்று அவை வந்து அடைகின்றன. கரிக்குருவியும் அவற்றைத் துன்புறுத்தாது விட்டுவிடுகின்றது. தன் கூட்டைக் காக்கும் முயற்சியில் அயல் கூடுகளையும் காத்துவிடுகின்றது. இச்செய்தியை மனத்திற்கொண்டே வலியான் என்னும் பெயரை நோக்குதல் வேண்டும்.

அருள் இட்ட பெயர்

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் அறுபத்து நான்கு திருவிளையாடல்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் 47-ஆவது கரிக்குருவிக்கு உபதேசித்த படலம்.

முற்பிறப்பில் புண்ணியம் மிகப் புரிந்தும் சிறிது பாவமும் செய்த ஒருவன் கரிக்குருவியாகப் பிறந்தான். அக்காலத்தில் அவ்வினம் மிக எளியது. காக்கை முதலிய பறவைகள் அதனைத் துரத்தித் தலையிற் கொத்தின. குருதி ஒழுக, போக்கிடம் இன்றி, அது பறந்து சென்று ஒரு காட்டை அடைந்து, வழியோரத்து மரக்கொம்பில் சோர்ந்து அமர்ந்தது. தான் இழிந்த பிறவி எடுத்ததையும், பகைக்கு ஆற்றாது வருந்துவதையும் எண்ணி நொந்தது.

அம்மரத்தின் நிழலில் வழிப்போக்கர் சிலர் வந்து தங்கினர். அவருள் ஒருவர் சிவனடியார். அவர் உடன் இருந்தோர்க்கு மதுரையின் பெருமையையும், பொற்றாமரைத் தீர்த்தத்தின் மகிமையையும், சோமசுந்தரக் கடவுளின் எளிமையையும் எடுத்துரைத்தார். அவர் பறவைக்கு உரைத்தாரல்லர். பறவை மேலே இருப்பதை அறிந்தாரும் அல்லர். ஆயினும் நல்ல சொல் தனக்கு உரிய செவியைத் தானே தேடிச் சென்றது. கரிக்குருவிக்கு முன்னை அறிவு தோன்றியது. உடனே எழுந்து மதுரைக்குப் பறந்தது. கோயிலை வலம் வந்து, பொற்றாமரையில் மூழ்கி, மூன்று நாள் இறைவனை உள்ளத்தால் வழிபட்டது.

இறைவன் அதன் அன்புக்கு இரங்கி, இறப்பை வெல்லும் மந்திரமாகிய மிருத்தியுஞ்சய மந்திரத்தை உபதேசித்தார். பறவை அறிவு தெளிந்தது. தெளிந்தபின் தன் குறையையும் விண்ணப்பித்தது. பிற பறவைகளால் தான் நலிவுறுவதைக் கூறி முறையிட்டது. இறைவன் அதற்கு வலிமை அருளி, வலியான் என்னும் பெயரும் தந்தார். அவ்வளவில் அது விடைபெறவில்லை. தனக்குக் கிடைத்த பேறு தன் மரபு முழுவதற்கும் வேண்டும் என்று இரந்தது. அதனையும் இறைவன் அருளினார். ஆவணி மூலத் திருவிழாவில் மதுரைத் திருக்கோயிலில் முதல் நாள் விழாவாகக் கொண்டாடப்படுவது இத்திருவிளையாடலே.

சென்னைக்கு அருகே பாடியில் உள்ள திருவலிதாயம், திருஞானசம்பந்தர் பாடிய தலம். பரத்துவாசர் வலியன் பறவையாகி வழிபட்ட தலம் அது என்பது தலவரலாறு. பறவையின் பெயர் அங்கே தலத்தின் பெயராகவும் இறைவன் திருப்பெயராகவும் உயர்ந்து நிற்கின்றது.

ஐயமும் தெளிவும்

இங்கே ஆராய்ச்சியாளர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். 'கரிக்குருவி இயல்பாகவே வலியது. அவ்வலிமையைக் கண்டு மக்கள் வலியன் என்றனர். அப்பெயருக்குக் காரணம் கூறப் பின்னர் எழுந்ததே புராணக் கதை' என்று அவர் உரைப்பர். இவ்வையம் புறந்தள்ளத் தக்கது அன்று. வல் என்னும் அடியிலிருந்து வலி, வலிமை, வன்மை, வல்லவன் என்னும் சொற்கள் பிறந்தமை போலவே வலியன், வலியான் என்னும் பெயர்களும் பிறந்தன. சொல்லாராய்ச்சி அளவில் அவர் கூறுவதே முடிபு.

ஆயினும், இயல்பால் வலியது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், ஏன் ஒரு கதை பிறந்தது? அதனைச் சிந்தித்தல் வேண்டும். ஐம்பது கிராம் எடை கொண்ட பறவை பருந்தைத் துரத்துவதைக் கண்ட பழையோர், இவ்வளவு சிறிய உடலில் இவ்வளவு பெரிய ஆற்றல் எவ்வாறு அமைந்தது என்று வியந்தனர். தமக்குக் கிட்டிய ஆற்றலைத் தம்முடையது என்று எண்ணாத உள்ளம் அவர்களுடையது. ஆகவே பறவையின் ஆற்றலையும் பெற்ற பேறாகவே கருதினர். சொல்லின் வரலாற்றை மொழிநூல் கூறும். ஆற்றலைப் பெற்றவன் அதனை எவ்வாறு கருதவேண்டும் என்பதனைப் புராணம் கூறும். இரண்டும் தத்தம் இடத்தில் நிற்பனவே.

வலி என்னும் சொல்லை மேலும் ஒருமுறை நோக்குக. தமிழில் வலி என்றால் வலிமை. வலி என்றால் நோவும் ஆகும். தலையிற் குருதி ஒழுக மரக்கொம்பில் அமர்ந்திருந்த பறவை வலி உடையதாய் இருந்தது. ஆலவாயிலிருந்து திரும்பிய பறவையும் வலி உடையதாய் இருந்தது. சொல் ஒன்றே, பொருள் மாறிற்று. முதல் வலியை அறிந்தமையால் இரண்டாம் வலியை அது தவறான வழியில் செலுத்தவில்லை. நோவை அறியாத வலிமை பிறரை நோகச் செய்யும். நோவை மறவாத வலிமை பிறரைக் காக்கும். எளிய பறவைகள் வந்து அடையும் மரமே இதற்கு விளக்கம்.

இதற்கு மாறான ஒரு வரலாற்றையும் இப்பகுதியே நினைவூட்டுகின்றது. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் பெருவழியை ஒட்டி வாலிகண்டபுரம் உள்ளது. வாலி வழிபட்ட தலம் என்பது அதன் வரலாறு. இறைவன் திருப்பெயர் வாலீசுவரர். வாலி என்பது வேறு, வலியான் என்பது வேறு. முன்னது வடசொல், பின்னது தமிழ்ச்சொல். ஒலி ஒப்புமை கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. ஆயினும் இரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் நலம். வாலியும் இறைவனை வழிபட்டவன், வரமும் பெற்றவன். எதிர்த்து நிற்பவரின் வலிமையில் பாதி தன்னை வந்து அடையும் என்பது அவன் பெற்ற வரம். பிறர் வலிமையைக் குறைத்துத் தன் வலிமையைப் பெருக்குவது அது. அவ்வலிமையால் அவன் உடன்பிறந்தவனையே நாட்டை விட்டுத் துரத்தினான். அவன் மனைவியையும் கவர்ந்தான். முடிவு எவரும் அறிந்ததே. குருவியோ, தனக்குக் கிட்டியதைத் தன் இனத்துக்கும் கேட்டது. இருவரும் தொழுதவர்களே, இருவரும் பெற்றவர்களே. பெற்றதை வைத்து என் செய்தனர் என்பதில்தான் வேறுபட்டனர்.

பெயரை அருளும் பெருமான்

இறைவன் அடியார்க்குப் பெயரும் பதவியும் அருளும் காட்சியைக் கல்லிலே காண விரும்புவோர் கங்கைகொண்ட சோழபுரம் செல்லுதல் வேண்டும். முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த அத்திருக்கோயிலின் வடக்கு வாயிற் புறத்தே, சண்டேசுவரர்க்கு அருள் புரியும் சிவபெருமான் திருவுருவம் விளங்குகின்றது. அம்மையோடு அமர்ந்த பெருமான், தம் திருவடி அருகே கை கூப்பி அமர்ந்த அடியாரின் தலையிலே கொன்றை மாலையைத் தம் திருக்கரங்களாலேயே சுற்றுகின்றார். அவ்வடியார் யார்? விசாரசருமர் என்னும் பெயருடைய சிறுவர். ஊர்ப் பசுக்களை அன்போடு மேய்த்தவர். மணலால் இலிங்கம் அமைத்துப் பாலால் ஆட்டியவர். மாடு மேய்த்த சிறுவர்க்குச் சண்டேசர் என்னும் பதவி. மாட்டின் முதுகில் அமர்ந்த குருவிக்கு வலியான் என்னும் பெயர். இறைவன் சூட்டும் பட்டத்துக்குக் குலமும் உருவமும் தடையாகா என்பதனை ஒன்று கல்லில் காட்டுகின்றது. மற்றொன்று ஒவ்வொரு நாளும் வயல்வெளியில் காட்டுகின்றது.

கோயில்களில் பெயர் பொறித்தல் நெடுங்காலமாக இருந்துவரும் மரபு. சோழர் காலத்தில் நந்தா விளக்கு எரிக்க 90 ஆடு அல்லது 96 ஆடு கொடுத்தவர் பெயர் கல்லில் வெட்டப்பட்டது. அரசியர் பெயரும் உண்டு. வணிகர் பெயரும் உண்டு. இடையர் பெயரும் உண்டு. அக்கல்வெட்டுகளைப் படிக்கும்போது ஒன்று விளங்கும். கொடுத்தவர் பெயரைக் கல் காத்தது உண்மை. ஆயினும் அக்கல் அப்பெயரைக் காத்தது விளக்கின் பொருட்டே. 'இன்னார் வைத்த விளக்கு இது. சந்திராதித்தர் உள்ளவரை எரிக' என்பதே அவற்றின் கருத்து. இருளைப் போக்கும் கடமை முதலில். பெயர் அதனைத் தொடர்ந்து வருவது. இத்திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் உழைப்பும் நல்கிய அன்பர்களின் பெயர்களும் அவ்வாறே இறைபணியைத் தொடர்ந்து நிற்பனவாகுக.

காக்க வேண்டிய பெயர்

ஒரு பெயர் வாழ வேண்டுமானால் அதனைச் சொல்லும் வாயும் வேண்டும். அப்பெயர்க்கு உரிய பொருளும் வேண்டும். இன்று சிறுவர் பலர் இப்பறவையைக் கண்டால் கறுப்புக் குருவி என்றோ சிறிய காக்கை என்றோ சொல்லிச் செல்கின்றனர். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் காப்பகம் ஆயிற்று. 2024-இல் உலக அளவில் சிறப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துகளைக் காணப் பலர் அங்கே செல்கின்றனர். அது போற்றத் தக்கது. தொலைவிலிருந்து வரும் விருந்தினரை வரவேற்கும் நாட்டில், வீட்டு வாயிலில் இருக்கும் உறவினரின் பெயர் மறந்துபோதல் தகுமா?

உழவர்க்கு இப்பறவை செய்யும் உதவி சிறிதன்று. வெட்டுக்கிளி, வண்டு, புழு, கறையான் ஆகியவையே அதன் உணவு. 2018-இல் படைப்புழு என்னும் கொடிய பூச்சி இந்நாட்டில் நுழைந்து, பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள வயல்களைப் பெரிதும் அழித்தது. அப்போது வேளாண்மைத் துறையார் கூறிய வழிகளுள் ஒன்று வயலிற் பறவைத் தாங்கிகள் நடுதல். குறுக்குக் குச்சி கட்டிய ஒரு கம்பே பறவைத் தாங்கி. அதன்மேல் வந்து அமர்ந்து காவல் புரியும் பறவைகளுள் கரிச்சான் முதன்மையானது. அருளால் வலியான் எனப் பெயர் பெற்றது, ஒரு சிறு குச்சி நட்டால் ஊதியம் கேளாமல் வயலைக் காக்கின்றது. நஞ்சை மிகுதியாகத் தெளித்து அதன் உணவையும் உயிரையும் ஒருங்கே கெடுத்தல் நன்றி கொன்ற செயலாகும்.

திருக்கோயில் அன்பர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. திருப்பணியின்போது மதிலும் தளமும் புதிதாகின்றன. அவற்றோடு பழைய மரங்களும் சில இடங்களில் அகற்றப்படுகின்றன. தலமரமும் நந்தவனமும் கோயிலின் உறுப்புகள். காட்டு வழியில் ஒரு மரமும் அதன் நிழலும் இருந்தமையாலன்றோ அடியார் அங்கே தங்கினார்; மேற்கொம்பில் இருந்த பறவையின் செவியில் ஆலவாயின் பெயர் விழுந்தது. மரம் இல்லாதிருந்தால் அடியார்க்குத் தங்குமிடம் இல்லை. பறவைக்கு அமருமிடம் இல்லை. அத்திருவிளையாடலுக்கே இடம் இல்லை. ஆகவே கோயிலைச் சூழ வேம்பும், வில்வமும், கொன்றையும், புன்னையும் நட்டு வளர்த்தல் திருப்பணியின் நிறைவாகும். கீழே நின்று பேசப்படும் நல்ல சொல் மேலே எந்தக் கொம்பில் எந்தச் செவியைச் சென்று அடையும் என்பதனை இறைவனே அறிவார்.

கரிக்குருவி எனக் கண் கண்டது. ஆனைச்சாத்தன் எனச் செவி கேட்டது. கோத்வால் எனச் செயல் காட்டியது. வலியான் என அருள் சூட்டியது. முன் மூன்று பெயர்களும் அது யாதாக இருக்கின்றது என்பதனைக் கூறுகின்றன. நான்காம் பெயர் அது எதற்காக இருக்கின்றது என்பதனைக் கூறுகின்றது. செல்வ வலி, கல்வி வலி, உடல் வலி, பதவி வலி என மக்கள் பெற்றிருக்கும் வலிமைகள் பல. அவற்றைப் பெற்ற ஒருவரின் நிழலில் எளியோர் எத்தனை பேர் அஞ்சாமல் கூடு கட்டி வாழ்கின்றனர் என்பதே, அவர் வலியான் என்னும் பெயர்க்கு உரியவரா என்பதனை அளக்கும் கோல்.

எளிய குருவியின் முறையீட்டுக்குச் செவி சாய்த்த பெருமான், இத்திருக்கோயிலை எடுப்பித்தோர்க்கும், புதுக்கியோர்க்கும், வந்து வழிபடுவோர்க்கும், வழிபட அறியாத வாயில்லா உயிர்கட்கும் வலிமையும் நலமும் அருள்வாராக. வான்முகில் வழாது பெய்க. கரிசல் நிலம் விளைக. உயிர்கள் யாவும் ஒன்றின் நிழலில் ஒன்று அச்சமின்றி வாழ்க.

சிவமயம். சுபம்.